இசட்டிலிருந்து எஸ் வரை

எல்லோருக்கும் ஆங்கிலம் ஏ, பி, சி என்று முன்னாலிருந்து வரும். எனக்கு அது பின்னாலிருந்து, இசட்டிலிருந்து வந்தது. அம்மா கச்சான் விற்றதால் அப்படி நேர்ந்தது.

கச்சான் என்று நாங்கள் சொல்வது நிலக்கடலையை. அம்மா அதை மணலில் வறுத்து, கோது நீக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, தாளைக் கூம்பாகச் சுற்றிய சரைகளில் நிரப்புவார். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்துக்குப் போகிற வீதி திரும்பும் முடக்கில் பெட்டியோடு இருப்பார். எதிரே மணல்மூட்டை அடுக்கிய காவலரண். போர்க்காலத்தில் ஊரில் அநேகமாக எல்லா முடக்கிலும் அப்படி ஒன்று இருந்தது. அதைச் சென்றி என்போம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வாங்குவார்கள். சென்றியில் நிற்கிற சிப்பாய்களும் வாங்குவார்கள். அப்பா தோப்பூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போயிருந்தார். பாதை திறந்திருந்தால் மாதத்தில் இரண்டு தரம் அன்புவழிபுரத்து வீட்டுக்கு வருவார். பாதை திறப்பதும் மூடுவதும் அவர் கையில் இல்லாததால் எங்கள் அடுப்பு அம்மாவின் சரைகளை நம்பித்தான் எரிந்தது.

வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. அப்பாவின் பக்கத்திலும் அம்மாவின் பக்கத்திலும் எனக்கு முன்னர் ஒருவரும் பள்ளிக்கூட வாங்கில் இருந்ததில்லை. ஏழாம் வகுப்புக்கு வந்தபோது மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதையும் சங்கக் கடைப் பலகையில் எழுதியிருப்பதையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அயலவர்கள் கடிதம் கொண்டுவந்தால் கதிரையில் இருந்துதான் வாசிப்பேன். நின்றுகொண்டு வாசிக்க மாட்டேன். வந்தவர்கள் நிற்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சரை சுற்றுவது என் வேலை. தாள் கொண்டுவருவது அம்மாவின் தம்பியான மாமாவின் வேலை. ஒரு நாள் மாமா சாக்கு ஒன்றைத் தோளிலிருந்து இறக்கினார். துறைமுகப் பக்கத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த ஓர் அரசாங்கக் கந்தோரைத் துப்புரவாக்கக் கூலிக்குப் போனவர், எரிக்கப் போட்ட தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பழைய படிவங்கள், கோடு போட்ட பெரிய கொப்பிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தடித்த புத்தகம்.

"இது ஒண்டே ஒரு சரக்குப் பெட்டிப் பாரம், அக்கா," என்றார் மாமா. "வெள்ளைக்காரன்ரை சாமான். பாரமாத்தான் இருக்கும்."

அது ஆங்கில-தமிழ் அகராதி. முன்னட்டை இருந்தது, பின்னட்டையைக் கறையான் தின்றிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து அகராதி அதிபரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். அதை நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறோம். இதுவோ என் மடியில் இருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்று நான் எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டு வரிசையாகக் கருத்துகள் நின்றன. சில சொற்களுக்குப் பன்னிரண்டு வரை போனது.

"அம்மா, இதைக் கிழிக்காதேங்கோ."

"ஏன், சாமிப்படம் கிடக்கோ உள்ளை?"

"இது டிக்சனறி. இங்கிலீசிலை இருக்கிற எல்லாச் சொல்லுக்கும் இதிலை கருத்து இருக்கு."

"எல்லாம் இதிலை இருந்தால் பள்ளிக்கூடத்திலை என்னத்தைச் சொல்லித் தருகினம்?"

மாமா சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அதைப் பார்த்தாரோ என்னவோ, கொஞ்சம் இறங்கி வந்தார். மற்றத் தாள்கள் இருக்கும் மட்டும் புத்தகத்தில் கை வைப்பதில்லை. அது முடிந்த பிறகு, ஒரு நாளைக்குப் பத்துத் தாள். அட்டை இல்லாத பின்பக்கத்திலிருந்து. கிழிக்க முன்னம் நான் வாசித்துக்கொள்ளலாம்.

அப்படித்தான் என் ஆங்கிலம் இசட்டில் தொடங்கியது. அங்கே இருந்த சொற்களை அதற்குப் பிறகு நான் எங்கும் காணவில்லை. இரண்டு மூன்று நாளில் டபிள்யூ வந்தபோதுதான் உலகம் தெரிந்த உலகமாக இருந்தது. பின்னேரங்களில் அம்மா முறத்தில் கச்சான் கோது உடைக்க, நான் அன்றைக்குரிய பத்துத் தாளையும் உரக்க வாசிப்பேன். பிறகு ஒவ்வொன்றையும் நாலாகக் கிழித்துச் சுற்றுவேன். 'வேவ்' என்ற சொல் கடல் அலையாகவும் கைகாட்டுதலாகவும் கூந்தல் நெளிவாகவும் இருந்தது. 'வேக்' என்றால் விழித்தெழுவது. கப்பல் போன பின் தண்ணீரில் கிடக்கும் தடமும் அதுதான். செத்த வீட்டில் கண்விழித்து இருப்பதும் அதுதான்.

"ஒரு சொல்லிலை இவ்வளவத்தையும் ஏன் அடைஞ்சு வைச்சிருக்கினம்?" என்று அம்மா கேட்டார்.

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "அது இலக்கணம்," என்றேன்.

"இலக்கணமும் இல்லை ஒண்டும் இல்லை," என்றார் அம்மா. "பாவங்கள், சொல்லுக் காணாது. வீட்டிலை ஒரு சட்டிதான் இருக்கெண்டால் அதிலைதானே சோறும் கறியும் தேத்தண்ணியும் காய்ச்சோணும்."

கோணேசர் கோயிலடியிலிருந்து சீனன்குடா வரை ஆண்டுவிட்டுப் போனவர்களை அம்மா 'பாவங்கள்' என்றது எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாமாவுக்கு அது மெத்தப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு வரும்போதெல்லாம், "என்ன மருமகள், இண்டைக்கு அந்த ஏழையள் என்ன காய்ச்சினவை?" என்றுதான் கேட்பார்.

பத்துத் தாள் என்பது விற்பனை உள்ள நாளின் கணக்கு. ஊரடங்கு போட்டால் அம்மா பெட்டியைத் தூக்க மாட்டார். தாள் மிஞ்சும். அதே பத்துத் தாளை நான் இரண்டு நாள், மூன்று நாள் வைத்து வாசிக்கலாம். அதனால் ஊரடங்கு வரவேண்டும் என்று நான் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட நாட்களும் உண்டு. சில வேளைகளில் அவர் கேட்டார். அந்த நாட்களில் இரவுச் சாப்பாடு கஞ்சியாக இருந்ததற்கும் என் வேண்டுதலுக்கும் ஏதும் தொடர்பு இருப்பதாக எனக்குப் படவில்லை.

அந்தத் தவணையில்தான் பள்ளிக்கூடத்தில் ஆங்கில தினம் வைக்கப்போவதாக அறிவித்தார்கள். பேச்சு, பாட்டு எல்லாம் வழமைபோல இருந்தன. எங்கள் ஆங்கில ரீச்சர் புதிதாக ஒன்று சேர்த்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எழுத்துத் திருவுளச்சீட்டில் விழும். அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லை மேடையில் வைத்துத் தருவார்கள். போட்டிக்கு வந்த பிள்ளை அந்தச் சொல்லின் கருத்துகளை ஒவ்வொரு வசனத்தோடு சொல்லிக்கொண்டே போகவேண்டும். யார் கூடுதலாகச் சொல்கிறாரோ அவருக்கு முதலிடம்.

"முதலாவது கருத்து எல்லாருக்கும் தெரியும்," என்றார் ரீச்சர். "அதைச் சொல்லிப்போட்டுக் கைதட்டுக்குப் பார்த்துக்கொண்டு நிக்கக் கூடாது. எனக்கு நாலாவது வேணும்."

ஏழாம் வகுப்புக்கு எஸ் விழுந்தது.

வகுப்பில் இன்னொருத்தியின் தகப்பன் வங்கியில் வேலை செய்தார். அவளிடம் சின்ன அகராதி ஒன்று இருந்தது. அதில் ஒரு சொல்லுக்கு இரண்டு கருத்துக்கு மேல் இல்லை என்பதை நான் ஏற்கனவே பார்த்து வைத்திருந்தேன். வீட்டுக்கு ஓடிவந்து புத்தகத்தைப் புரட்டினேன். எஸ் என்ற எழுத்து அந்தப் புத்தகத்தில் மற்ற எல்லா எழுத்தையும்விடத் தடிப்பு. நூறு தாளுக்கு மேல். நாங்கள் அப்போது எஸ்ஸுக்கு அடுத்த எழுத்தான டியில் நின்றோம். போட்டிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. டி முடிந்து எஸ் தொடங்கிவிடும். போட்டி நாளில் எஸ்ஸின் பெரும்பகுதி ஊர் முழுக்க வீதியோரங்களில் கசங்கிக் கிடக்கும்.

முதலில் பார்த்தெழுதிப் பார்த்தேன். ஒரு பின்னேரத்தில் ஒன்றரைத் தாள்தான் முடிந்தது. அதோடு கொப்பியும் முடிந்தது. மனப்பாடம் செய்து பார்த்தேன். 'செற்' என்ற ஒரு சொல்லே ஒரு பக்கத்துக்கு மேல் போனது. அதன் இருபதாவது கருத்துக்குப் போகும்போது முதல் ஐந்தும் கழன்றுவிட்டன.

அம்மாவிடம் கேட்டிருக்கலாம். எஸ்ஸை மட்டும் விட்டுவிடுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் முதல் நாள் அழுததே எனக்கு வெட்கமாக இருந்தது. படித்தவள் இரண்டாந்தரம் கெஞ்சுவதா என்று இருந்தேன். கேட்காமல், முன்கூட்டியே எஸ்ஸை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'செல்' என்ற சொல்லுக்கு வந்தபோது உரக்க வாசித்துவிட்டேன்.

"ஒண்டு, சங்கு, சிப்பி. ரெண்டு, முட்டைக் கோது. மூண்டு, கச்சான் முதலியவற்றின் கோது. நாலு, கோது உடைத்தல். அஞ்சு, பீரங்கிக் குண்டு."

அம்மாவின் கை முறத்தில் நின்றது.

"நான் இதிலை இருந்து உடைக்கிறதும் செல்லோ?"

"ஓம்."

"அங்காலை அடிக்கிறாங்களே, அதுவும்?"

"அதுவும்தான்."

அம்மா கொஞ்ச நேரம் கையிலிருந்த கோதையே பார்த்தார். "அதுக்கெண்டாலும் வேறை சொல்லு வாங்கியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அதை நசுக்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, எஸ்ஸுக்கு முன்னால் டியில் எட்டுத் தாள்தான் மிஞ்சியிருந்தது. மறுநாள் சனி. சனிக்கிழமைகளில் மூதூர், கிண்ணியாச் சனம் பட்டினத்துக்கு வரும். சரை இரண்டு மடங்கு போகும். இருபது தாள் வேண்டும். பன்னிரண்டு தாள் எஸ்ஸிலிருந்து போகப் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கட்டைக் கண்டேன்.

பள்ளிக்கூடத்தடிப் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் காய்ந்த கழிவுநீர்க் கானுக்குள் கிடந்தது. இளஞ்சிவப்புத் தாள்கள், சணல் கயிற்றால் கட்டியபடி. ஒரு பக்கம்தான் அச்சடித்திருந்தது, மறுபக்கம் வெறுமை. விளிம்பு சற்று ஈரம், மற்றபடி புதுத்தாள். பெரியவர்கள் அந்த இடத்தால் போனார்கள். ஒருவர்கூடக் குனியவில்லை. பார்வையைக்கூடத் திருப்பவில்லை. நல்ல தாளின் அருமை தெரியாத சனம் என்று நினைத்துக்கொண்டு, நான் கானுக்குள் இறங்கி அதை எடுத்துப் பள்ளிப் பையில் வைத்தேன். வழியில் வேறொரு முடக்கில் இருந்த சென்றியைத் தாண்டினேன். அன்று பையைத் திறக்கச் சொல்லவில்லை.

அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் வாசிக்கவில்லை. மறந்துபோய் அல்ல. அது தமிழில் இருந்தது. அந்த நாட்களில் தமிழில் எழுதியிருப்பதெல்லாம் எனக்கு எப்போதோ தெரிந்தது போலவும், வாசித்து ஆகவேண்டியது ஆங்கிலம் ஒன்றுதான் போலவும் ஓர் எண்ணம் இருந்தது.

பின்னேரம் எழுத்து உட்பக்கமாக வரும்படி சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு சரையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதென்ன வேறை தாள்? நிறமும் வேறையாக் கிடக்கு."

"புத்தகத்துக்கு நடுவிலை இருந்தது. படம் போட விட்ட தாள்."

"அப்பிடியோ," என்று அம்மா சரையைத் திரும்ப வைத்தார். வாசிக்கத் தெரிந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற முகம். அந்த முகத்தை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சனிக்கிழமை காலை பெட்டிக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். பத்து மணிபோல சென்றியிலிருந்து ஓர் இளம் சிப்பாய் வந்தான். நாள்தோறும் வருபவன். "அம்மா, கச்சான் ரெண்டு தா," என்று சந்தையில் பழகிய தமிழில் கேட்பான். தின்று முடித்ததும் சரையைப் பிரித்து அதிலுள்ள ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டுவான். அன்றும் வீதியைக் கடந்து போய் நின்று தின்றான், பிரித்தான். அப்படியே நின்றான்.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தலைப்பெழுத்துகளின் உருவம் தெரியும். அந்தக் கிழமை முழுவதும் மதில்களில் இயக்கக்காரர் இரவில் ஒட்டிய அதே தாளைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டியவர்கள் அவனும் மற்றச் சிப்பாய்களும்தான்.

இரண்டு பேராக வந்தார்கள். அம்மாவைப் பெட்டியோடு உள்ளே வரச் சொன்னார்கள். நானும் எழுந்து போனேன். பஸ் தரிப்பிடத்தில் நின்ற சனம் இரண்டடி பின்னுக்குப் போனது. அப்படி உள்ளே கூப்பிட்டவர்கள் எல்லோரும் அன்றைக்கே வெளியே வந்ததில்லை. அதற்கு முந்திய மாதம் எங்கள் வீட்டு ஒழுங்கையில் குடியிருந்த தச்சரைக் கூப்பிட்டார்கள். அவருடைய மனைவி இன்னும் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் வந்துகொண்டிருந்தார்.

மணல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மேசையும் ஒரு வாங்கும் இருந்தன. வெகுநேரம் வாங்கில் இருந்தோம். பிறகு ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. பெட்டியிலிருந்த கச்சானை ஒரு சாக்கில் கொட்டச் சொன்னார். சரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் இரண்டு அடுக்காக வைத்தார்கள். ஒன்று அகராதி. ஒன்று இளஞ்சிவப்பு.

"இது எங்கை எடுத்தது?"

அம்மா மேசையைப் பார்த்தார். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட்டார்.

"றோட்டிலை கிடந்தது, சேர். நான்தான் பொறுக்கினனான்."

"இதிலை என்ன எழுதியிருக்கு?"

"தெரியாது, சேர். நான் படிக்கேல்லை."

"ஒண்டும் தெரியாதா? இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அம்மா இரண்டிலும் ஒவ்வொரு தாளை எடுத்து விரலால் தேய்த்தார். "இது மெல்லிசு சேர், உப்பு ஈரத்துக்குக் கிழிஞ்சுபோம். இது நல்ல தாள். மத்தியானம் மட்டுக்கும் தாங்கும்."

அதிகாரி இளஞ்சிவப்புத் தாளைக் கையில் எடுத்து உரக்க வாசித்தார். திங்கட்கிழமை கடைகளை அடைக்கவேண்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே, படையினருக்கு எந்தப் பொருளையும் எவரும் விற்கக் கூடாது, மீறுவோர் அதற்குரிய பலனை அனுபவிப்பார்கள் என்று இருந்தது.

"எங்களுக்கு ஒண்டும் விக்கக் கூடாது எண்டு எழுதியிருக்கு," என்றார். "அதிலையே சுத்தி எங்களுக்கு விக்கிறாய்?"

கச்சான் வாங்கிய சிப்பாய்க்குச் சிங்களத்தில் அதைச் சொன்னார். அவன் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தான். அம்மா சிரிக்கவில்லை. அந்தத் தாளில் இருந்தது இப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. சென்றிக்காரர் விட்டாலும் வெளியே இன்னொரு கணக்கு இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "வீட்டிலை வாசிக்கத் தெரிஞ்சது யார்? இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போறதா?"

"இல்லை, சேர்," என்றார் அம்மா. யோசிக்கவே இல்லை. "இவளுக்கு ஒண்டும் தெரியாது. அனா ஆவன்னாகூடத் தெரியாது. பள்ளிக்கூடத்திலை விட்டுப் பார்த்தனான், ஏறேல்லை. என்னோடை கச்சான்தான் விக்கிறவள்."

எனக்குக் காது சுட்டது. ஒழுங்கையில் கதிரையில் இருந்து கடிதம் வாசிப்பவள் நான். எஸ்ஸில் பாதி மனப்பாடம். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கை என் முதுகுப் பக்கமாகப் போய்ப் பின்னலைப் பிடித்திருந்தது.

அதிகாரி அகராதித் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். டியின் கடைசித் தாள்களில் ஒன்று. ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

'ரேபிள்.' மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். போதாததற்கு அவருடைய மற்றக் கை அந்த மேசையில்தான் இருந்தது. எனக்கு அதன் கருத்து ஐந்தும் தெரியும். மேசை, அட்டவணை, வாய்ப்பாடு, பரிமாறிய உணவு, நிலத்துக்கடியில் தண்ணீர் நிற்கும் மட்டம். வாய்க்குள் ஐந்தும் வரிசையாக நின்றன. அந்த அதிகாரிக்குக்கூட மூன்றுக்கு மேல் தெரிந்திராது என்று நினைத்தேன். சொன்னால் வியந்துபோவார். ஒருவேளை கைகூடக் கொடுப்பார்.

பின்னல் இறுகியது. வலிக்கும்படி இறுகியது. நான் தலையை இல்லை என்று அசைத்தேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"பயப்பட வேண்டாம்," என்றார் அதிகாரி. எனக்குப் பயமே இல்லை, ஆத்திரம்தான்.

அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதினார்கள். கீழே கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனாவை நீட்டினார்கள். அம்மா பேனாவை வாங்காமல் இடது பெருவிரலை நீட்டினார். மை தேடி எடுக்கவே பத்து நிமிடம் ஆனது. இளஞ்சிவப்புத் தாள்களை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இனி கவனம் என்று சொல்லிப் போகவிட்டபோது நேரம் இரண்டு மணிக்கு மேல். அந்த இளம் சிப்பாய் சாக்கின் இரண்டு மூலையைப் பிடித்து, கொட்டியிருந்த கச்சானைப் பெட்டிக்குள் சரித்துத் தந்தான். சிந்தியதைப் பொறுக்க உதவாமல் நான் தள்ளி நின்றேன்.

வெயிலில் நடந்தோம். கொஞ்சத் தூரம் போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் என்னைப் படிக்காதவள் எண்டு சொன்னனீங்கள்?"

அம்மா நடந்துகொண்டே இருந்தார்.

"எனக்கு அந்தச் சொல்லுத் தெரியும். அஞ்சு கருத்துத் தெரியும்."

"பசிக்குதோ?" என்று கேட்டார் அம்மா.

வீடு வரைக்கும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் நான் அம்மாவோடு கதைக்கவில்லை. படம் போட விட்ட தாள் என்று நான் சொன்ன பொய்க்கு ஏச்சு விழும் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு மறுமொழியும் தயாராக வைத்திருந்தேன். ஏச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா புத்தகத்தை எடுத்துத் தூசு தட்டி என் பாயில் வைத்தார். "இந்தா. இனி இது உன்ரை," என்றார். அவ்வளவுதான். நான் வென்றுவிட்டேன் என்று எண்ணினேன். ஆனாலும் கோபம் போகவில்லை.

மாமா வந்தபோது, "இனிப் பேப்பர் வேண்டாம், தம்பி," என்று அம்மா சொன்னது கேட்டது.

"ஏன் அக்கா? சாக்குக் கணக்கிலை கிடக்கு."

"ஈரத்துக்கு நிக்குதில்லை," என்றார் அம்மா.

ஆங்கில தினத்தில் எனக்கு 'ஸ்பிறிங்' விழுந்தது. துள்ளுதல், சுருள்வில், வசந்தம் என்று மூன்றையும் சொல்லிவிட்டு, ரீச்சர் கேட்ட நாலாவதாகக் கன்னியாவில் வெந்நீர் ஊறுகிறதே, அந்த ஊற்று என்று சொன்னேன். மண்டபம் கைதட்டியது. அதன் பிறகும் மூன்று கருத்து என்னிடம் மிச்சம் இருந்தது. வங்கிக்காரரின் மகள் இரண்டோடு நின்றாள். எனக்கு முதலிடம். சான்றிதழில் என் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். வீட்டில் அதை உரக்க வாசித்தேன். அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, மெதுவாகத் திருப்பித் தந்தார்.

அதற்குள் அம்மா பூவரசம் இலைக்கு மாறியிருந்தார். விடியுமுன் எழுந்து வேலியோரமெல்லாம் தேடி ஆய்ந்து, காம்பு கிள்ளி, இலையைச் சுருட்டி ஈர்க்குக் குத்தி அதில் கச்சானை நிரப்புவார். கையெல்லாம் இலைப்பால் கறுத்துக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் இலை வாடி விரியும். கச்சான் பதம் கெட்டுப்போகும். "என்ன இது, கொழுக்கட்டை மாதிரி இலையிலை?" என்று வாங்குபவர்கள் பகிடி பண்ணினார்கள். பிறகு பகிடி பண்ணுவதை விட்டு, வாங்குவதையும் குறைத்துக்கொண்டார்கள். மத்தியானத்திலேயே அம்மா பாதிப் பெட்டியோடு வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

ஒரு பின்னேரம், கோபமெல்லாம் ஆறிய பிறகு, நானாகவே போய்ச் சொன்னேன்.

"மாமாவைப் பேப்பர் கொண்டரச் சொல்லுங்கோ, அம்மா. ஒவ்வொண்டா நான் வாசிச்சுப் பார்த்துத் தாறன். கூடாதது இருந்தால் எடுத்து எறிவம்."

அம்மா தலை நிமிரவில்லை. கையிலிருந்த இலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "வேண்டாம் பிள்ளை," என்றார். "நீ உன்ரை பாடத்தைப் படி."

என் படிப்பு எவ்வளவு பெரியது என்று அம்மாவுக்குக் கடைசியில் விளங்கிவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து இருந்து, ஆர் எழுத்தைத் திறந்தேன்.